பட்டுப் புரதம் ரத்தப்போக்கை நிறுத்துமா, எலும்பை இணைக்குமா? காலக்கணக்கே உண்மையான சோதனை

பெங்களூரு: சேலைகளுக்குப் பெயர்பெற்ற கர்நாடகப் பட்டு, தற்போது அறுவை சிகிச்சை அரங்கை நோக்கி நகர்ந்து வருகிறது. பட்டுப் புரதத்தைக் கொண்டு புண்களுக்கான கட்டு, தூள் போன்றவற்றைத் தயாரிக்கும் ஃபைப்ரோஹீல் வூண்ட்கேர் நிறுவனம் பெங்களூருவில் இயங்கி வருகிறது. புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் ஆய்வுகளில் இருந்து கிளைத்த செரிஜென் நிறுவனம், எலும்பில் ஏற்படும் இடைவெளிகளை நிரப்புவதற்கு அதே புரதத்தைப் பயன்படுத்துகிறது. தோலின் மேல் ஒட்டி, பின்னர் அகற்றப்படும் கட்டில் இருந்து, உடலுக்குள்ளேயே விட்டு மூடப்படும் பொருளுக்குச் செல்வதே இத்துறையின் அடுத்த கட்டம் ஆகும்.

இதற்கான தேவை சிறியதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். படுகாயம் அடைந்தவர்களிடையே, தடுத்திருக்கக்கூடிய மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கட்டுப்படாத ரத்தப்போக்கு. உயிர் தப்பியவர்களில் பலருக்கு நொறுங்கிய எலும்பே அடுத்த போராட்டம். இடைவெளியை நிரப்ப நோயாளியின் இடுப்பெலும்பில் இருந்தே ஒரு பகுதியை வெட்டி எடுப்பது நெடுங்கால வழக்கம். நம்பகமான முறைதான், ஆனால் ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயத்தை உண்டாக்க வேண்டியுள்ளது.

பழைய நூல், புதிய வேலை

மருத்துவத்துக்குப் பட்டு புதிதன்று. தையல் நூலாக அது தலைமுறைகளாகப் பயன்பட்டு வருகிறது. இதில் ஒரு சொல் சிக்கல் உண்டு. உறையின் மீது 'உடல் உறிஞ்சாத நூல்' என்றே அச்சிடப்படுகிறது. உண்மையில் பட்டு நூலும் உடலுக்குள் மெல்ல மெல்லச் சிதைகிறது. குறைந்தது 60 நாட்களுக்குத் தன் வலிமையைத் தக்கவைப்பதால் மட்டுமே அதற்கு அந்த வகைப்பெயர்.

புதிய பொருட்களில் நூலே இல்லை. பட்டு இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. வலிமை தருவது ஃபைப்ரோயின். அதைச் சுற்றியுள்ள பசை செரிசின். கூட்டைச் சோடா உப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்கப்படுகிறது. எஞ்சும் ஃபைப்ரோயின், செறிந்த உப்புக் கரைசலில் கரைக்கப்பட்டு, உப்பு அகற்றப்பட்டபின் தூளாகவோ, கூழாகவோ, துளைகள் நிறைந்த பஞ்சாகவோ வடிவம் பெறுகிறது.

அப்பஞ்சு ரத்தத்தின் நீரை உறிஞ்சும்போது, தட்டணுக்களும் உறைதல் காரணிகளும் ஒரே இடத்தில் செறிந்து, ரத்தம் விரைவில் உறைகிறது. எலும்பில் வைக்கும்போது அதன் பணி வேறு. புதிய எலும்புச் செல்கள் ஏறி வளர்வதற்கான சாரமாக அது நிற்கிறது. கட்டடம் எழுந்தபின் சாரம் தானாகக் கரைய வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ரத்தப்போக்கை நிறுத்தும் பொருள் தன் வேலை முடிந்ததும் சில வாரங்களில் மறைய வேண்டும். நீரை உறிஞ்சி அளவுக்கு மீறி உப்பினால், முதுகுத்தண்டு போன்ற குறுகிய இடங்களில் நரம்பை நெருக்கும் அபாயமும் உண்டு. எலும்புச் சாரமோ பல மாதங்கள் நிலைத்திருக்க வேண்டும். முன்னதாகக் கரைந்தால் அந்த இடத்தில் வெற்றிடமே மிஞ்சும். ஒரே புரதத்திடம் நேரெதிரான இரண்டு காலக்கணக்குகள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஆல்கஹால் அல்லது நீராவியால் பதப்படுத்தி, புரத மடிப்புகளின் இறுக்கத்தைக் கூட்டியோ குறைத்தோ கரையும் வேகத்தை மாற்ற முடியும். ஆய்வகத்தில் இது நன்கு நிறுவப்பட்ட முறை. ஆயினும் நீரிழிவு உள்ள முதியவரின் உடலிலும், இளைஞரின் உடலிலும் அக்கணக்கு ஒன்றாகவே இருக்குமா என்பதற்கு மனிதர்களிடம் நடத்தும் நீண்டகாலப் பரிசோதனைகளே விடை தர முடியும்.

ஓர் அனுமதி, எல்லாவற்றுக்கும் அன்று

அமெரிக்க அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது. மென்திசுக்களுக்கு ஆதாரமாகப் பயன்படுத்த அனுமதி பெற்ற 'செரி' என்ற பட்டு வலையை, மார்பக அறுவை சிகிச்சைகளுக்கும் உரியதாக விளம்பரப்படுத்தியதற்காக அலர்கன் நிறுவனத்துக்கு அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஓர் உறுப்பில் பாதுகாப்பானது என்பது மற்றோர் உறுப்புக்குச் சான்றாகாது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ சாதனங்கள் விதிகள், சாதனங்களை ஆபத்தின் அளவைக் கொண்டு ஏ முதல் டி வரை நான்கு பிரிவுகளாக வகுக்கின்றன. அதிக ஆபத்துள்ள சி, டி பிரிவுகளுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் 2023 அக்டோபர் முதல் கட்டாயம். உடலுக்குள் விடப்பட்டுக் கரையும் பொருட்கள் இந்த உயர் பிரிவுகளிலேயே வருகின்றன. இளம் நிறுவனங்களுக்கு இது செலவும் தாமதமும்தான். எனினும் 'இயற்கைப் பொருள்' என்ற அடைமொழியைக் காட்டி அந்த வாயிலைத் தளர்த்தக் கோருவது ஏற்கத்தக்கதன்று. பசை முழுமையாக நீங்காத பட்டு, உடலில் ஒவ்வாமையைத் தூண்டலாம் என்பது தையல் நூல் காலத்தில் இருந்தே அறியப்பட்ட செய்தி.

விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகம் பெங்களூருவில் உள்ளது. ராமநகராவின் மாபெரும் கூட்டுச் சந்தையும் அருகிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ சேலைக்குத் தேவைப்படும் பட்டுடன் ஒப்பிட்டால், ஒரு நோயாளிக்கான பஞ்சுக்குத் தேவைப்படும் புரதம் மிகச் சொற்பம். எனவே மருத்துவத் தேவையால் கூட்டு விலை உயரும் என ஓசூர், தருமபுரி விவசாயிகள் எதிர்பார்ப்பதற்கு இப்போதைக்கு இடமில்லை.

வாய்ப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. நூற்பாலைக்குக் கூட்டில் இருந்து அறாத நீண்ட இழை வேண்டும். எனவே எத்தனை கிலோ கூட்டுக்கு ஒரு கிலோ நூல் கிடைக்கும் என்பதே அங்கு விலையின் அடிப்படை. புரதத்தைக் கரைத்தெடுப்பவருக்கு இழையின் நீளம் பொருட்டன்று. அவர் கேட்பது நோயற்ற புழு, பூச்சிமருந்து படாத மல்பெரி இலை, எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது என்ற பதிவேடு ஆகியவையே. இவற்றுக்குத் தனி விலை தரும் கொள்முதல் ஒப்பந்தங்கள் வந்தால், துளைபட்ட கூட்டை மலிவாக விற்கும் சிறு விவசாயிக்கும் அதில் பங்கு உண்டு.