மராத்தி மண்ணின் மூன்று நூல்கள்

பணியின் பொருட்டுப் புணேயில் குடியேறும் தமிழர், சில மாதங்களுக்குள் கடைவீதிக்கு வேண்டிய மராத்தியைக் கற்றுக்கொள்கின்றனர். காய்கறி விலை பேசவும் ஆட்டோ ஓட்டுநருக்கு வழி சொல்லவும் அது போதும். அண்டை வீட்டார் எதை எண்ணிப் பெருமிதம் கொள்கின்றனர், எதை எண்ணி வருந்துகின்றனர் என்பதை அறிய அது போதாது. அதற்கு அம்மொழியின் நூல்களையே நாடவேண்டும். அண்மையில் நாம் படித்து மகிழ்ந்த மூன்று நூல்கள் இக்கருத்தை நம் உள்ளத்தில் உறுதி செய்தன.

முதலாவது, வி. ஸ. காண்டேகரின் ‘யயாதி’. 1959இல் வெளிவந்த இப்புதினத்தின் ஆசிரியருக்கு 1974ஆம் ஆண்டின் ஞானபீட விருது கிடைத்தது. தன் முதுமையை மகனிடம் கொடுத்து அவனது இளமையைப் பெற்ற மன்னனின் கதையை நாம் அறிவோம். காண்டேகரோ யயாதி, தேவயானி, சர்மிஷ்டை ஆகிய மூவரையும் அவரவர் வாயாலேயே பேச வைக்கிறார். ஒருவர் பக்கம் சாய்ந்த நம் மனம், அடுத்தவர் பேசத் தொடங்கியதும் தயங்கி நிற்கிறது. சேமிப்பையும் கடனையும் நாள்தோறும் காணும் வங்கிப் பணியாளருக்கு இது பழங்கதையாகத் தோன்றவில்லை. பிள்ளைகளின் நாளையைத் தம் இன்றைய ஆசைக்கு அடகு வைப்போர் எக்காலத்தும் உளர்.

இரண்டாவது, மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வேயின் ‘யுகாந்தா’. புணேயின் தக்காணக் கல்லூரியில் பணியாற்றிய இவ்வம்மையாருக்கு இந்நூல் 1968இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது. இந்நகரின் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பே இதற்கு அடிப்படை. பீஷ்மரின் தியாகத்தைப் போற்றும் நாம், அத்தியாகத்தால் அம்பை முதலான பெண்கள் பட்ட துயரை எண்ணிப் பார்த்ததுண்டா என்று இந்நூல் கேட்கிறது. கர்ணனைக் கொடைவள்ளலாகவே கொண்டாடிப் பழகிய தமிழ் உள்ளத்திற்கு, அவனைப் பற்றிய கட்டுரை கசக்கவே செய்யும். நாமும் அதை முழுவதும் ஏற்கவில்லை. எனினும், ஏற்காத கருத்தையும் இத்துணை ஆர்வத்தோடு படிக்கவைக்கும் நூல்கள் அரியவை.

மூன்றாவது, நம் நெஞ்சை மிகவும் கவர்ந்த லட்சுமிபாய் திலகரின் தன்வரலாறான ‘ஸ்மிருதி சித்ரே’. 1930களில் வெளிவந்த இந்நூலை எழுதியவர் பள்ளி சென்று பயின்றவரல்லர். கவிஞரான கணவர் நாராயண் வாமன் திலகர் 1895இல் கிறித்தவம் தழுவினார். அதனால் பிரிவும் சுற்றத்தாரின் ஏச்சும் இவரைச் சூழ்ந்தன. சில ஆண்டுகளுக்குப் பின் தாமே சிந்தித்து அச்சமயத்தை ஏற்றார். இவ்வளவு துயரையும் புலம்பலின்றி, தம்மையே நகைத்துக்கொண்டு சொல்லும் பாங்கு வியப்பளிக்கிறது. கண்ணீர் துளிர்க்கும் இடத்திலேயே சிரிப்பும் வந்துவிடுகிறது.

இம்மூன்றில் ‘யயாதி’யை நாம் தமிழில் படித்தோம். ‘யுகாந்தா’வை, ஆசிரியரே செய்த ஆங்கில வடிவில் படித்தோம். ‘ஸ்மிருதி சித்ரே’யைச் சாந்தா கோகலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தோம். ஆங்கில வாயிலாகவும் நூலின் பொருள் வந்து சேர்கிறது. ஆனால் மாமியார் மருமகள் பேச்சு, அடுக்களைச் சொல், மடி ஆசாரம் ஆகியவற்றுக்குத் தமிழில் நேரான சொற்கள் காத்திருக்க, ஆங்கிலத்தின் வழியே சுற்றி வருவானேன் என்னும் ஏக்கம் எழாமலில்லை.

காண்டேகர் தமிழகத்தில் வீட்டுப் பெயரானமைக்குக் காரணம், கா. ஸ்ரீ. ஸ்ரீ. அவர்கள் மராத்தியிலிருந்து நேராகச் செய்த மொழிபெயர்ப்புகளே. இரு மொழியும் அறிந்த ஒருவரின் உழைப்பு, ஒரு தலைமுறை வாசகருக்கே புதிய உறவினரைத் தேடித் தந்தது. அத்தகையோர் இன்று எங்கே உளர்?

நம் இல்லங்களிலேயே உளர் என்போம். 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகாராட்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகள் அம்மொழியைத் தடையின்றிப் படிக்கின்றனர், எழுதுகின்றனர். ஆயினும் அவர்களுள் பலருக்குத் தமிழ் பேச்சு மொழி மட்டுமே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. பெற்றோருக்கோ தமிழ் எழுத்து தெரியும், மராத்தி தெரியாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பாதிகள் இருக்கின்றன. அவற்றை இணைக்காவிடில், அடுத்த கா. ஸ்ரீ. ஸ்ரீ. தோன்றக்கூடிய வாய்ப்பு நம் கண்ணெதிரே கைநழுவிப் போகும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. வாரத்தில் ஒரு மாலை, மகளோ மகனோ ஒரு மராத்திக் கதையைப் படித்துப் பொருள் கூறட்டும். பெற்றோர் அதைத் தமிழில் எழுதிக் காட்டட்டும். அடுத்த வாரம் எழுதுகோலைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். நூல் வாங்க அப்பா பல்வந்த் சௌக் இருக்கிறது. விடுமுறையில் செல்ல, பாஞ்ச்கணிக்கு அருகே 2017இல் புத்தக ஊராக அறிவிக்கப்பட்ட பிலார் இருக்கிறது. அங்கே வீட்டுத் திண்ணைகளிலும் விடுதிகளிலும் மராத்தி நூல்கள் யாவரும் படிக்கக் காத்திருக்கின்றன.

வாடிக்கையாளர்களிடம் சிறுசேமிப்பைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். வாரம் ஒரு பக்கம் என்பதும் சிறுசேமிப்பே. ஓராண்டில் அது ஐம்பது பக்கங்களாகும். ஒரு நெடுங்கதை தமிழுக்கு வந்து சேர அதுவே போதும்.