சாக்கடைக்கு முகூர்த்தமா?

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் மண் வேகுவது 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டினாலேயொழிய பஞ்சாங்கத்தினால் அல்லவென்பது, அங்கே நிற்கும் தொழிலாளிக்குத் தெரியும். பட்டம் பெற்ற முனிசிபல் இஞ்சினீயர்கள் பலருக்கோ சாக்கடை தோண்டவும் பூமி பூஜை வேண்டியிருக்கிறது!

2022 ஜூலையில் தருமபுரி ஜில்லா ஆலாபுரம் ஏரி வேலைத் துவக்கத்தில் புரோகிதரைக் கண்ட அன்றைய பார்லிமெண்டு மெம்பர் செந்தில்குமார், மற்ற மதத்தாரும் மதமில்லாதாரும் எங்கேயென்று மராமத்து இஞ்சினீயரைக் கேட்டார். சரியான கேள்வி. வரி எல்லோருடையது, மந்திரம் மாத்திரம் ஒரு கூட்டத்தாருடையதா?

கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். அந்த 7 நாளும் எட்டிப் பாராதவர், முகூர்த்தத்துக்கு மட்டும் தவறாமல் வந்து நிற்கிறாரே! கம்பி குறைந்தால் மந்திரம் தாங்குமா? தேங்காய்க் கணக்கு வேண்டாம் ஐயா. சிமிட்டிக் கணக்கைக் காட்டும்.