சனிக்கிழமை அடுப்பு: ஒரு பெல்லட் கிரில் போதுமா?

மக்களே, இந்த வாரம் சமையல் குறிப்பு கிடையாது. பஞ்சாயத்து மட்டும்தான்.

நாங்கள் நாலு பேர் இருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் இந்த மாசத்தோடு முடிகிறது. போகப்போகும் வீட்டில் பின்பக்கம் ரெண்டு கட்டில் போடும் அளவுக்குத்தான் இடம். இப்போது கொல்லையில் நிற்பவை: கரி போடும் உருண்டை வெபர், கேஸ் கிரில், பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி வைத்த இரும்பு ஸ்மோக்கர், பிரியாணி அண்டாவுக்கான சிலிண்டர் பர்னர். "எல்லாத்தையும் வித்துட்டு ஒரே ஒரு பெல்லட் கிரில் வாங்கிடலாம்டா" என்கிறான் அறைத்தோழன். செகண்ட் ஹேண்டில் 300 டாலருக்கு ஒன்று வருகிறது. தலைக்கு 75. டி.ஏ. சம்பளக்காரனுக்கு அது சின்னக் காசு இல்லீங்க.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி. பார்க்க அசல் கோழித் தீவனம். ஒரு பெட்டியில் கொட்டிவிட்டால், மோட்டார் வைத்த திருகு கொஞ்சம் கொஞ்சமாக அதை நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். மின்கம்பி பற்றவைக்கும், விசிறி ஊதும், சூட்டைப் பார்த்து ஒரு கன்ட்ரோலர் தீனியைக் கூட்டிக் குறைக்கும். ஆரெகனில் ஜோ ட்ரேகர் காப்புரிமை வாங்கிய சமாச்சாரம். 2006-ல் அது காலாவதியானதும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஆக, பேர்தான் கிரில். உள்ளுக்குள் அது விறகில் ஓடும் அவன். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஸ்மோக்கர் வேலையை எடுத்துக்குங்க. இங்கே டெக்ஸாஸில் ப்ரிஸ்கெட் என்றால் 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 மணி நேரம், சமயத்தில் அதற்கும் மேலே. இரும்பு ஸ்மோக்கரில் முக்கால் மணிக்கொருதரம் எழுந்து கட்டை போடணும். போன செமஸ்டரில் ஒருத்தன் மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு விடிய விடிய நெருப்புக்குக் காவல் இருந்தான். பெல்லட்டில் சூட்டைத் திருகி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். புகை வாசனை கொஞ்சம் மட்டுதான்; போஸ்ட் ஓக் கட்டையின் அழுத்தம் வராது. ஆனா தூக்கத்துக்கு விலை உண்டா?

கேஸ் கிரிலுக்கும் டாட்டா. பர்கர், சோளம், சாதா சிக்கன் எல்லாம் பெல்லட்டே பார்த்துக்கொள்ளும்.

தகராறு நம்ம சமாச்சாரத்தில்தான். தந்தூரி சிக்கனின் ஓரம் கருகணும், கத்தரிக்காய் தோல் வெடிக்கணும். அதற்கு நேரடித் தணல் வேணும். பெரும்பாலான பெல்லட் கிரில் 450, 500 டிகிரியோடு நின்றுவிடும். கிண்ணத்துக்கு மேலே ஒரு தகடு வேறு நெருப்பை மறைத்துக்கொண்டு நிற்கும். கரியைக் குவித்தால் கம்பிக்கிட்ட 600, 700 சாதாரணம். தயிர் மசாலா தடவிய சிக்கனை பெல்லட்டில் வைத்தால் நன்றாக வேகும், ஆனா முகத்தில் களை இருக்காது :-)

பிரியாணி இன்னும் வேடிக்கை. வெங்காயம் வதக்க, அண்டாவில் தண்ணி கொதிக்க விட, அடியில் சுவாலை வேணும். அது பெல்லட்டால் ஆகவே ஆகாது. ஆனால் மூடி போட்டு 325-ல் உள்ளே தள்ளினால் தம் பிரமாதமாக வரும். சுற்றிலும் ஒரே சூடு, அடிப்பிடிக்கிற பயம் குறைவு.

இன்னொண்ணு, கரண்ட் இல்லையென்றால் அது வெறும் இரும்புப் பெட்டி. பெல்லட்டில் ஈரம் பட்டால் ஊதி, மறுபடி மரத்தூளாகித் திருகை அடைத்துவிடும். கிண்ணத்துச் சாம்பலையும் அவ்வப்போது உறிஞ்சி எடுக்கணும்.

என் ஓட்டு இதுதான்: பெல்லட் கிரில் வரட்டும், கேஸ் கிரிலும் இரும்பு ஸ்மோக்கரும் போகட்டும். வெபர் இருக்கணும், பர்னர் மூலையில் கிடக்கட்டும். நாலு போய் ஒண்ணாகவில்லை, மூணாச்சு. அறைத்தோழன் முகம் சுளித்தான். அடுத்த பிரியாணியை மைக்ரோவேவில் செய்து காட்டச் சொன்னோம், சம்மதித்துவிட்டான்.

ஆஸ்டின் பக்கம் யாருக்காவது ஸ்மோக்கர் வேணுமா? விலை பேசிக்கலாம். தூக்க மட்டும் மூணு ஆளோடு வாங்க.