சோதனைச் சரக்கு தனித் தட்டில் இருக்கட்டும்!

ஓரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. புதிய வண்டிகளை அங்கே சோதிக்கிறார்கள். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் அதுதான். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை அல்ல!

கம்ப்யூட்டருக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

பேசும் கருவி

திரையில் உள்ள எழுத்தைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள், என்.வி.டி.ஏ. அது தமிழும் படிக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவரே.

புதிய குரல், புதிய வசதி என்று பலர் இதற்குத் துணைக் கருவிகள் செய்து தருகிறார்கள். அவற்றுக்கு 2023-ம் ஆண்டில் இணையத்தில் ஒரு பொதுக் கடை திறக்கப்பட்டது.

மூன்று தட்டு

சோதித்து முடிந்த சரக்கு ஒரு தட்டில். இன்னும் சோதனையில் உள்ள "பீட்டா" இன்னொரு தட்டில். கருவி செய்வோருக்கானது மூன்றாவது தட்டில். துணைக் கருவிகளைத் தாங்கள் சோதித்துச் சான்று தரவில்லை என்றும், அவை சொந்த விவரங்களைக்கூட எட்ட முடியும் என்றும் கடைக்காரர்களே எச்சரிக்கிறார்கள்.

இது நல்ல ஏற்பாடு. பீட்டாவை விரட்டக் கூடாது. பத்துப் பேர் பயன்படுத்திக் குறை சொன்னால்தான் குரல் திருந்தும். ஆனால் பிழைப்புக்கு நம்பியிருக்கும் கம்ப்யூட்டரில் அதை ஏற்றக் கூடாது. வேலை நேரத்தில் குரல் நின்றால், கையைக் கட்டிப்போட்டது போல் ஆகிவிடும்!

துணைக் கருவிகளை நிறுத்திவிட்டு மென்பொருளை மறுபடி தொடங்க வழி உண்டு. அதை முதலில் பழக வேண்டும்.

சோதனை வண்டியில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவோமா?