திருகத் திருக ஆடும்!

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவரிடம் இன்ஜினைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். டாஷ்போர்டைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. ஐம்பது வருஷ வெயிலில் அது சித்திரை மாசத்து ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கும். மேலே வினைல் தோல், உள்ளே ஃபோம். வினைலை மெத்தென்று வைத்திருக்கும் ரசாயனம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிட, மிஞ்சுவது அப்பளம்.

டெக்ஸாஸில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் 1972 ஷெவர்லேக்குப் புது பேட் வரவழைத்தார். பளபளவென்று வந்தது. மாட்டினால் கடகட! பேடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்களில் (தலை உள்ளே புதைந்த போல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்) இரண்டு, நட்டைத் திருகினால் தாங்களும் கூடவே சுற்றின. பெரியவர் பெரிய ஸ்பேனராக எடுத்தார். பிடுங்கி வைத்துவிட்டேன். உள்ளே பிடிப்பே இல்லாதபோது எவ்வளவு திருகினாலும் ஓட்டைதான் பெரிசாகும்.

நீள ஸ்குரூ போட்டால் நிற்குமே என்பீர்கள். நிற்கும். மறுநாள் பேடின் முகத்தில் பரு மாதிரி அதன் முனை எட்டிப் பார்க்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பேடைக் கழற்றித் துண்டின் மேல் குப்புறப் போடுங்கள். ஸ்டட்டின் மரையைச் சுத்தம் செய்து, நட் வெறும் விரலிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். பாதிக் குற்றவாளி அந்த இறுகிய மரைதான். ஸ்டட்டைச் சுற்றி உப்புத்தாள் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு ட்யூப் கலக்கும் எபாக்சியை (நம்ம ஊர் அரால்டைட் ஜாதி) வைத்து, மேலே அகலமான வாஷர் ஒன்றையும் சேர்த்து ஒட்டுங்கள். அடித்தட்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் நன்றாகப் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீன் என்றால் வாழை இலையில் தண்ணீர்தான். ஸ்டட் நேராக நிற்கிறதா என்று டாஷ்போர்டு ஓட்டையோடு பொருத்திப் பார்த்துவிட்டு, 24 மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இதுதான் கஷ்டமான கட்டம்.

மாட்டும் முன் பேடைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், வளைந்து கொடுக்கும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அரைச் சுற்று வீரம் வேண்டாம்.

ஒரு மெத்தைக்கா இவ்வளவு பாடு? அது அழகுக்காக மட்டும் வந்ததில்லை, ஐயா. 1948 டக்கர் காரிலேயே மெத்தை வைத்த டாஷ்போர்டு உண்டு. 1956-ல் ஃபோர்டு தனிக் காசுக்கு விற்றது. 1965-ல் ரால்ஃப் நேடர் கார் கம்பெனிகளைப் புத்தகம் போட்டு வறுத்தெடுத்தார். 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. மோதினால் முகம் போய் விழுகிற இடம் அது. அந்த இடம் ஆடலாமா? (சீட் பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மெத்தை அதற்குப் பதில் இல்லை.)

எங்கேயாவது ஏதாவது ஆடினால், அடியில் எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் மேலேயே திருகுவது மெக்கானிக்குகள் மட்டும் செய்வதில்லை. உங்கள் மேலதிகாரியைக் கேட்டுப் பாருங்கள்.

வேண்டாம், கேட்காதீர்கள். வண்டியை நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு ஓர் அட்டையை மறைப்பாக வையுங்கள். புது பேட் ரொம்ப நாள் வரும்.