விடை ஒன்றாக இருக்க வேண்டும்

2008-ம் வருஷம் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர நீதிமன்றத்தில் ஒரு போதை மருந்து வழக்கு அறுபது நாட்களுக்கு மேலாக நடந்துவந்தது. ஜூரர்கள் சிலர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு அக்கறையாகக் குறிப்பெடுக்கிறார்கள் என்று எண்ணியிருந்த வேளையில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரே அதைக் கவனித்தார். ஜூரர்களின் பென்சில் மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டிருந்தது. அது குறிப்பல்ல, சுடோகு! ஜூரி கலைக்கப்பட்டது. பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவான விசாரணை பாழாயிற்று.

அந்த ஜூரர்கள் செய்தது மன்னிக்க முடியாத காரியந்தான். ஆனாலும் கடமையை மறக்கடிக்கும் அளவுக்கு அந்தக் கட்டங்களில் என்ன வசியம் இருக்கிறது?

எண்களைக் கண்டதுமே, “நமக்குக் கணக்கு வராது” என்று ஒதுங்குகிறவர்கள் பலர். இதில் கணக்கே கிடையாது. 1 முதல் 9 வரையுள்ள எண்களுக்குப் பதில் ஒன்பது காய்கறிகளின் பெயரைப் போட்டாலும் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கும். மொத்தம் 81 கட்டங்கள். எந்தக் குறுக்கு வரிசையிலும், எந்த நெடு வரிசையிலும், ஒன்பது கட்டங்கள் கொண்ட எந்தச் சிறு சதுரத்திலும் ஓர் எண் இரண்டு முறை வரலாகாது. சட்டம் அவ்வளவுதான்.

ஒரு சிறு சதுரத்தில் 7 எங்கே போகும் என்று பார்க்கிறார் ஒருவர். அதன் ஊடே செல்லும் மூன்று குறுக்கு வரிசைகளில் இரண்டில், சதுரத்துக்கு வெளியே 7 முன்பே இருக்கிறது. ஆறு கட்டங்கள் போயின. மீதி மூன்றில் இரண்டில் வேறு எண்கள் உள்ளன. ஆகவே 7 இங்கேதான்! வேறு வழியே இல்லை என்று தெரியும் அந்தக் கணத்தின் ருசிக்காகத்தான் இத்தனை பேர் பென்சிலைத் தேடுகிறார்கள்.

இதை உருவாக்கியவர் ஜப்பானியர் அல்ல. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ். 1979-ல், தம் 74-ம் வயதில், ஒரு புதிர்ப் பத்திரிகைக்கு இதைத் தந்தார். புதிரின் பக்கத்தில் அவர் பெயர்கூட அச்சாகவில்லை. 1984-ல் ஜப்பானில் நிக்கோலி பத்திரிகையின் மாக்கி காஜி இதை எடுத்து, ‘எண்கள் பிரம்மசாரிகளாகவே இருக்க வேண்டும்’ என்ற பொருளில் நீண்ட பெயர் சூட்டினார். அதன் சுருக்கமே சுடோகு. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற வெய்ன் கூல்ட், 1997-ல் டோக்கியோ புத்தகக் கடை ஒன்றில் இதைக் கண்டார். புதிரைத் தயாரிக்கும் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தாமே எழுதி, 2004-ல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் இடம்பெறச் செய்தார். பிறகு இது போகாத நாடில்லை. கார்ன்ஸ் 1989-லேயே இறந்துவிட்டார், பாவம்.

ஆடுகிறவருக்கு விதித்த சட்டம் மேலே சொன்னது. புதிர் தயாரிப்பவருக்கும் ஒரு சட்டம் உண்டு. விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இது சுலபமல்ல. 16 எண்களை மட்டும் கொடுத்தால், எப்படி அடுக்கினாலும் ஒற்றை விடை கிட்டாது என்று டப்ளின் கணித அறிஞர் கேரி மக்கைரின் குழு 2012-ல் கம்ப்யூட்டர் கொண்டு காட்டியது. குறைந்தது 17 வேண்டும். எண்களை அள்ளிக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? 77 கட்டங்களை நிரப்பிக் கொடுத்த பிறகும், மீதி நான்கில் இரண்டு விடைகள் ஒளிந்திருக்க இடமுண்டு!

சோதித்துப் பாராமல் புதிரை அச்சுக்கு அனுப்புவது வாசகருக்கு இழைக்கும் துரோகம். இதைப் போட்டுவந்தால் முதுமையில் மறதி நோய் அண்டாது என்று ஆசை காட்டுவதும் தகாது. அதற்கு உறுதியான சான்று இல்லை. ஆடுகிறவர் கேட்பது மருந்தல்ல, நாணயமான புதிர்.

ராத்திரி பதினொரு மணிக்கு, அழித்து அழித்துக் காகிதம் கிழிந்துபோன பிறகும், அவர் தம் புத்தியைத்தான் நொந்துகொள்வார், புதிரைச் சந்தேகிக்க மாட்டார். ஆகவே, இரண்டு விடையுள்ள புதிர் வெளிவந்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, அதே பக்கத்தில், பிழை தங்களுடையது என்று பத்திரிகைகள் அச்சிட வேண்டும்.