மரம் நடச் சொல்வோரே, காணிக்கு என்ன உறுதி?

காலநிலை மாறிவிட்டது, கமக்காரரே மரம் நடுங்கள் என்று நிபுணர்கள் மேடைதோறும் முழங்குகின்றனர். பயிரோடு மரத்தையும் சேர்த்து வளர்க்கும் முறைக்கு வேளாண் காடு வளர்ப்பு என்று பெயரும் சூட்டியுள்ளனர். நல்லது. 2008 இல் நிஷாப் புயலையும், 2016 - 17 இல் கடும் வரட்சியையும், 2025 இல் டித்வாப் புயலையும் கண்ட நாட்டில் அவர் கூற்றை மறுப்போர் யார்? ஆயின் யாழ்ப்பாணத்தவனுக்கு இது புதிய பாடமா என்று கேட்கின்றோம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லினுள் இறங்கித் தேங்கிய நன்னீரே நம் கிணற்று நீர். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். இத்தகைய மண்ணில் நம் முன்னோர் தோட்டஞ் செய்தது மரத்தின் துணையாலன்றோ! கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் வேலியாய் நின்று காற்றைத் தடுத்தன. ஆட்டுக்குத் தீனி தந்தன. அவற்றின் குழையை வெட்டிச் செம்மண்ணிலே தாழ்த்தனர். வளவிலே மாவும் பலாவும் முருங்கையும், எல்லையிலே பனை.

அவ்வேலி இன்று எங்கே? அரசை மட்டும் குறை கூறினால் நாம் பொய்யராவோம். வெளிநாட்டுக் காசு வந்ததும் கதியாலைப் பிடுங்கி மதில் எழுப்பியவர் நாமே. (எல்லைவேலி வழக்குகள் குறைந்தனவே என்று சட்டத்தரணிகள் சிலர் வருந்தவுங் கூடும்!) 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடுத்தபோது, குழைக்கு ஓடியவன் வெறும் மதிலைக் கண்டான். அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. பிடுங்கிய கதியால் மீளவில்லை.

எனினும் பெருங் குற்றம் வேறிடத்தில் உள்ளது. பனை காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அத்தனை காலம் காணி தன்னிடம் இருக்குமென்று கமக்காரனுக்கு யார் உறுதி கூறினார்? 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவருள் இன்றும் தம் நிலத்தை மிதியாதார் உளர். 2025 மார்ச் 28 வர்த்தமானியோ, வட மாகாணத்தின் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிடின் அவை அரசுக் காணியாகும் என்றது. எதிர்ப்பெழவே அது மீளப்பெறப்பட்டது, அச்சம் மீளப்பெறப்படவில்லை. வன்னியிலோ, போரினால் கைவிட்ட காணிகளிற் பற்றை வளர்ந்தமையாலேயே அவை வனமென எல்லைக்கல் இடப்பட்டன. மரம் வளர்ந்ததனாற் காணியை இழந்தவன், தன் உரிமையைக் காட்டக் காணியை வெட்டவெளியாக வைத்திருப்பானா, மரம் நடுவானா? கன்று விநியோகிக்க முன் அக்கல்லைப் பிடுங்குங்கள் என்கின்றோம்.

நம்மவர் காணிகளிலும் நீதி இல்லை. 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, பிறர் நிலத்தில் மரம் நட்டவனுக்கு விளைவிற் பங்கு உண்டென்றது. இன்றோ உடையவர் ரொறன்ரோவில். உழுபவர் ஆண்டுக்கு ஆண்டு வாய்ச்சொல்லாற் குத்தகை பெறுகின்றார். அவ்வாய்ச்சொல் மன்றில் நில்லாது. அவர் நடும் மரம் உடையவருக்கே போகுமெனின் ஏன் நடுவார்?

ஆதலின் நொத்தாரிசுமாரை வேண்டுகின்றோம்: குத்தகை உறுதிகளைப் பத்தாண்டுத் தவணைக்கு எழுதுங்கள். குத்தகைக்காரர் நாட்டும் மரங்களின் பெறுமதி அவர் விலகும்போது அவருக்குக் கொடுக்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள். எளிய கமக்காரரிடம் எழுத்துக்கூலி வாங்காதிருக்க முடிந்தவர் வாங்காதிருங்கள். ஐப்பசி மழைக்கு முன் இவ்வுறுதிகள் எழுதப்படல் வேண்டும். கதியால் நாட்டுவதற்கு அதுவே காலம்.